ஸ்குரூ டிரைவரில் காந்தம் எப்படி ஏறியது?

இந்த முறை வந்த கடிதங்களில் பல ஒரே விஷயத்தைச் சுற்றியே இருந்தன. எழுதியவர்கள் ஒருவரையொருவர் அறியாதவர்கள், செய்யும் வேலையும் வேறு வேறு. எனவே இந்தப் பக்கம் முழுவதையும் காந்தத்துக்கே கொடுத்துவிட்டேன்.

கேள்வி: ஐயா, நான் பஞ்சிகாவத்தைப் பக்கம் ஒரு கராஜில் மூன்று வருடமாக வேலை செய்கிறேன். எங்கள் ஸ்குரூ டிரைவர், சொக்கெட், ட்ரில் பிட் எல்லாவற்றிலும் காந்தம் ஏறியிருக்கிறது. ஸ்குரூ ஒட்டுவது நல்லதுதான், ஆனால் அரத்திலும் ட்ரில் பிட்டிலும் இரும்புத் தூள் தாடி மாதிரித் தொங்குகிறது. தேய்க்கத் தேய்க்கக் காந்தம் வரும் என்று பாஸ் சொல்கிறார். உண்மையா? (வாசகர், மருதானை)

பதில்: தம்பி, உங்கள் பாஸ் பாதி சரி. இரும்பை வெறுமனே தேய்ப்பதால் காந்தம் பிறப்பதில்லை. அந்த நேரத்தில் பக்கத்தில் ஏதாவது ஒரு காந்தப் புலம் இருக்க வேண்டும். தேய்ப்பு, தட்டு, அதிர்வு எல்லாம் அந்தப் புலத்துக்குக் கதவு திறந்துவிடுகிற வேலையைத்தான் செய்கின்றன.

முதலில் இரும்புக்குள் என்ன இருக்கிறது என்று பார்ப்போம். இரும்பு முழுக்க எப்போதும் காந்தம்தான், இதைப் பலர் நம்ப மாட்டார்கள். உள்ளே கண்ணுக்குத் தெரியாத சிறு சிறு வட்டாரங்களாக அது பிரிந்திருக்கிறது, ஒவ்வொரு வட்டாரமும் ஒரு முழுக் காந்தம். பியேர் வைஸ் என்ற பிரெஞ்சு இயற்பியலாளர் 1907இல் சொன்ன கருத்து இது. ஒரு வட்டாரம் வடக்கே பார்க்கும், பக்கத்தில் இருப்பது கிழக்கே பார்க்கும், அடுத்தது கீழே பார்க்கும், எல்லாம் ஒன்றையொன்று ஈடுகட்டிவிடுவதால் வெளியில் ஒன்றும் தெரியாது.

ஆடிவேல் நாளில் காலி வீதியில் நின்றிருக்கிறீர்களா? தேர் வரும்வரை கூட்டத்தில் ஆளுக்கொரு பக்கம் பார்த்துக்கொண்டு கதைத்துக்கொண்டிருப்பார்கள். தேர் தெரிந்ததும் அத்தனை தலையும் ஒரே பக்கம் திரும்பும். இரும்புக்குப் பக்கத்தில் காந்தம் வந்தால் நடப்பதும் இதுதான். கூட்டம் ஐதாக இருந்தால் தேர் போனபிறகு பழையபடி ஆளுக்கொரு பக்கம் திரும்பிவிடுவார்கள், அதுதான் மென்னிரும்பு, கட்டுக்கம்பி, சாதாரண ஆணி. கூட்டம் நெருக்கியடித்துக்கொண்டு நின்றால் திரும்புவதே கஷ்டம், ஒருமுறை திரும்பிவிட்டால் மறுபடி பழைய பக்கம் பார்ப்பதும் கஷ்டம். அதுதான் கடினமாக்கப்பட்ட உருக்கு. கரியும் குரோமியமும் வனேடியமும் கலந்து, சூடாக்கிச் சட்டென்று குளிர்வித்துச் செய்த உருக்குக்குள் நெருக்கடி அதிகம், வட்டாரங்களின் எல்லைகள் அங்கங்கே சிக்கிக்கொண்டு நகர மறுக்கும். ஸ்குரூ டிரைவரின் நுனி மழுங்காமல் இருக்க வேண்டும் என்பதற்காக அதைக் கடினமாக்குகிறார்கள், அதே காரணத்தால் காந்தமும் அதில் தங்கிவிடுகிறது. பழைய காலத்தில் திசைகாட்டி ஊசியைக் கடின உருக்கில் செய்தது இந்தக் குணத்துக்காகத்தான். நல்ல கருவி செய்யும் உருக்கு ஓரளவுக்கு நல்ல காந்தம் செய்யும் உருக்கும்கூட.

சரி, உங்கள் கராஜில் திருப்பிவிட்டது யார்? நான் நேரில் வந்து பார்க்கவில்லை, ஆனால் இந்த வரிசையில் தேடுங்கள். முதலாவது, காந்தங்கள். கழற்றிய ஆணி உருளாமல் வைக்கிற காந்தத் தட்டு, பிட் செருகுகிற பிடி, விழுந்த நட்டை எடுக்கும் நீட்டுக் கம்பி, போன் ஒட்டிவைக்கும் வட்டம், பழைய ஸ்பீக்கரில் கழற்றி வைத்த காந்தம். 1980களில் சந்தைக்கு வந்த நியோடிமியம் காந்தங்கள் சிறியவை, பார்த்தால் ஒன்றுமில்லை போல இருக்கும், ஆனால் சரியான பலம். ஒரு ஸ்குரூ டிரைவரை அதில் ஒருமுறை இழுத்து எடுத்தால் போதும். அது பக்கத்து சொக்கெட்டுக்குக் கொஞ்சம் கொடுக்கும், ஒரே பெட்டியில் போட்டுக் குலுக்கினால் அதிர்வும் சேர்ந்து வேலை செய்யும்.

இரண்டாவது வெல்டிங் கேபிள். கம்பியில் மின்சாரம் ஓடினால் சுற்றிக் காந்தப் புலம் உண்டாகும் என்பதை டென்மார்க்கின் ஏர்ஸ்டெட் 1820இல் கண்டார். 100 அம்பியர் ஓடும் கேபிளில் இருந்து ஒரு சென்ரிமீற்றர் தூரத்தில் உள்ள புலம், கொழும்பில் பூமி தரும் புலத்தைப்போல ஏறக்குறைய 50 மடங்கு. மிச்சக் கேபிளைச் சுருட்டி ஆயுதப் பெட்டிக்கு மேலே போட்டுவிட்டு வெல்டிங் செய்கிற பழக்கம் பல கராஜ்களில் நான் பார்த்தது. பத்துச் சுற்று கேபிள் என்றால் நடுவில் பெட்டி வைத்த ஒரு மின்காந்தமே அது. இன்றைக்கு எல்லாரும் வைத்திருக்கும் இன்வேர்ட்டர் வெல்டிங் மெஷின்களில் பெரும்பாலானவை நேர்மின்னோட்டம் தருவதால் புலம் ஒரே பக்கம் தள்ளிக்கொண்டே இருக்கும்.

மூன்றாவதுதான் உங்கள் பாஸ் சொல்கிற தேய்ப்பும் தட்டும். அதற்குப் புலம் கொடுப்பது பூமி. இங்கிலாந்து மருத்துவர் வில்லியம் கில்பர்ட் 1600இல் காந்தத்தைப் பற்றி இலத்தீனில் எழுதிய பெரிய நூலில் ஒரு படம் இருக்கிறது: கொல்லன் ஒருவன் காய்ச்சிய இரும்பை வடக்குத் தெற்காக வைத்துத் தட்டுகிறான், இரும்பு காந்தமாகிறது. நெருக்கியடித்த கூட்டத்தைக் கொஞ்சம் உலுக்கினால் எல்லாரும் சரிந்து பார்க்க நினைத்த பக்கம் திரும்ப ஒரு வழி கிடைக்குமே, அதுதான். இரும்புக் கப்பல்களும் இப்படித்தான். கட்டும் மேடையில் கப்பலின் மூக்கு எந்தத் திசையைப் பார்த்து இருந்தது என்பது மாதக்கணக்காக ஆணி அறைந்த அதன் உடம்பில் காந்தமாகப் பதிந்துவிடும், திசைகாட்டியை அதற்கேற்பத் திருத்த வேண்டும்.

ஆனால் கொழும்பில் ஒரு விசேஷம் இருக்கிறது, கருவிகளைப் பற்றி வெளிநாட்டில் எழுதுவதை அப்படியே நம்பி இங்கே குழம்புவதற்கு இதுதான் காரணம். லண்டனில் பூமியின் காந்தக் கோடு கிட்டத்தட்ட நிலத்துக்குள் குத்திக்கொண்டு போகிறது, சரிவு 65 பாகைக்கு மேல். அங்கே செங்குத்தாக நிற்கும் எந்த இரும்புக் கம்பத்திலும் காந்தம் மெல்ல ஏறும். நாம் இருப்பதோ காந்த மத்திய கோட்டுக்குப் பக்கத்தில், அதாவது பூமியின் காந்தக் கோடு சரிவே இல்லாமல் படுத்திருக்கும் இடத்துக்குப் பக்கத்தில். 1963 நவம்பர் 21 அன்று இந்தியா தன் முதல் ஆய்வு ரொக்கெட்டை ஏவ நமக்கு எதிரே கேரளக் கரையில் தும்பா என்ற மீன்பிடிக் கிராமத்தைத் தெரிந்தெடுத்ததற்கும் அந்தக் கோடுதான் காரணம். கொழும்பில் பூமியின் புலம் ஏறக்குறைய பாய் விரித்த மாதிரி வடக்குத் தெற்காகப் படுத்துக் கிடக்கிறது. எனவே ட்ரில் ஸ்டாண்டில் நேர்கீழாகத் துளை போடும்போது பிட்டின் நீளவாக்கில் பூமி கொடுப்பது மிகக் குறைவு. வடக்கையோ தெற்கையோ பார்த்த சுவரில் துளைத்தால்தான் கொஞ்சம் கிடைக்கும், அதுவும் பலவீனமானது. உங்கள் ட்ரில் பிட் தாடி வைக்கும் அளவுக்கு ஏறியிருக்கிறது என்றால், நான் பூமியை விட்டுவிட்டு மேசை மேல் இருக்கும் காந்தத்தைத்தான் பிடிப்பேன்.

அரத்தில் காந்தம் ஏறவிடாதீர்கள், இதை மட்டும் கண்டிப்பாகச் சொல்கிறேன். தூள் பல்லுக்குள் அடைந்து, அடுத்த இழுப்பில் வேலைப்பாட்டின் மேல் ஆழமான கீறல் விழும். வால்வு, பேரிங் போன்றவற்றைத் தொடும் கருவிகளும் அப்படியே. காந்தத் தட்டை மேசையின் ஒரு மூலையிலும் அரம், பிட், அளவுகோல் ஆகியவற்றை மறு மூலையிலும் வையுங்கள். முதல் வேலை அது.

கேள்வி: வீட்டில் தையல் வேலை செய்கிறேன். கத்தரிக்கோலில் குண்டூசி ஒட்டிக்கொண்டு வருகிறது, மகள் "மெஷின் கரன்ட் அடிக்கிறது" என்று பயப்படுகிறாள். (வாசகி, வெள்ளவத்தை)

பதில்: சகோதரி, பயப்பட ஒன்றுமில்லை, கரன்டுக்கும் இதற்கும் சம்பந்தம் இல்லை. குண்டூசி போட்டு வைக்கும் காந்தக் கிண்ணம் உங்களிடம் இருக்கிறதா பாருங்கள், அதன் மேல் கத்தரிக்கோலை வைத்திருப்பீர்கள். தைக்கும் கைப்பையின் மூடியில் உள்ள பொத்தான் காந்தமும் இதைச் செய்யும். துணி வெட்ட ஒரு இடைஞ்சலும் இல்லை, ஆனால் வெட்டும்போது அலகோடு வந்த ஊசி துணிக்குள் போய்விடும், அதற்காகவாவது எடுத்துவிடுவது நல்லது. எடுக்கும் வழி கீழே இருக்கிறது.

கேள்வி: வன்னியில் எங்கள் அப்பப்பாவுக்குப் பயிர்க் காவலுக்காக அனுமதிப்பத்திரத்தோடு கொடுத்த ஒற்றைக் குழல் துவக்கு ஒன்று இருக்கிறது. போன விடுமுறையில் அவர் துடைக்கும்போது, குழலின் வாயிலும் உள்ளே அடிக்கும் ஊசியிலும் இரும்புத் தூள் ஒட்டியிருந்ததைப் பார்த்தேன். சுட்டுச் சுட்டுத்தான் காந்தம் ஏறுகிறதா? குறி தப்புமா? (மாணவர், கொட்டாஞ்சேனை)

பதில்: நல்ல கண் தம்பி உங்களுக்கு. குழலும் சில்லறைப் பாகங்களும் கடினமாக்கிய உருக்கு, அதிலும் அடிக்கும் ஊசி, சுருள் வில், விசையின் கொக்கி எல்லாம் தேயாமல் இருக்க நன்றாகக் கடினமாக்கப்பட்டவை. எனவே மேலே ஸ்குரூ டிரைவருக்குச் சொன்னதெல்லாம் இதற்கும் பொருந்தும்.

துப்பாக்கிக்கென்று தனியாகச் சில வழிகள் உண்டு. ஒன்று தொழிற்சாலையில். பாகத்தில் மயிரிழை வெடிப்பு இருக்கிறதா என்று பார்க்க, அதைப் பலமாகக் காந்தமேற்றி மேலே நுண்ணிய இரும்புத் தூளைத் தெளிப்பார்கள். வெடிப்பு இருக்கும் இடத்தில் காந்தக் கோடு வெளியே கசியும், தூள் அந்த இடத்தில் கோடு போட்ட மாதிரி வரிசையாக ஒட்டும். எவ்வளவு அழகான சோதனை பாருங்கள், கண்ணால் காண முடியாத வெடிப்பைத் தூள் வரைந்து காட்டுகிறது. விமானப் பாகங்களுக்கும் இதையே செய்கிறார்கள். நவீன ரைபிள்களின் போல்ட்டில் எம்.பி. என்று எழுத்துப் பொறித்திருந்தால் அது இந்தச் சோதனை முடிந்ததற்கான அடையாளம். சோதனை முடிந்ததும் காந்தத்தை இறக்க வேண்டும், சரியாக இறக்காமல் விட்டால் கொஞ்சம் பிறவியிலேயே வந்துவிடும். கிரைண்டிங் மெஷினில் பாகத்தைப் பிடித்து வைக்கும் காந்த மேசையும் அப்படித்தான்.

இரண்டாவது, நீங்கள் கேட்ட வெடி. ஒவ்வொரு வெடியும் குழலுக்கு ஒரு சுத்தியல் அடி. பூமியின் புலத்தில் குழல் எந்தப் பக்கம் நீட்டியிருந்ததோ அதற்கேற்பக் கொஞ்சம் ஏறலாம். வடக்கு நாடுகளில் துவக்கைச் சுவரோரம் நிறுத்தி வைத்தாலே வருடக்கணக்கில் காந்தம் ஏறுவதற்கு வழி இருக்கிறது, புலம் அங்கே செங்குத்தாக இருப்பதால். வன்னியும் காந்த மத்திய கோட்டின் ஓரத்தில் இருப்பதால் மூலையில் நிமிர்த்தி வைத்த துவக்குக்கு அந்த வழி இல்லை என்றே சொல்லலாம். வடக்குத் தெற்காகப் பரணில் படுக்க வைத்திருந்தால் கதை வேறு.

மூன்றாவதைத்தான் நான் அதிகம் சந்தேகிக்கிறேன். காந்தம் ஏறிய ஸ்குரூ டிரைவரால் அதைக் கழற்றிப் பூட்டியிருப்பார்கள், அல்லது காந்தப் பூட்டுள்ள அலுமாரிக்குள் வைத்திருப்பார்கள். அப்பப்பாவிடம் கேட்டுப் பாருங்கள்.

குறி தப்புமா என்றால், இல்லை. ஈயக் குண்டுக்குக் காந்தம் பிடிக்காது, செம்புக்கும் பிடிக்காது. உருக்குச் சன்னமாக இருந்தாலும், குழலில் இருக்கும் இந்தச் சிறு காந்தம் அந்த வேகத்தில் ஒன்றும் செய்யாது. தொந்தரவு வேறு இடத்தில். இரும்புத் தூளும் கம்பிப் பஞ்சின் துணுக்கும் எண்ணெயோடு சேர்ந்து அடிக்கும் ஊசியின் துவாரத்தில் பசை மாதிரி அடைத்துக்கொண்டால் ஊசி மந்தமாகும், பாகங்கள் தேயும், நம் ஈரக் காற்றில் அந்தத் தூளில்தான் முதலில் துரு பிடிக்கும். துடைக்கக் கம்பிப் பஞ்சு வேண்டாம், துணியும் வெண்கலப் பிரஷும் போதும். கழற்றுவது அப்பப்பாவோ அனுமதி பெற்ற திருத்துநரோ செய்ய வேண்டிய வேலை, தோட்டா இல்லை என்று இரண்டு தரம் பார்த்த பிறகு. நீங்கள் பக்கத்தில் நின்று பாருங்கள், போதும்.

கேள்வி: ஏறிய காந்தத்தை வீட்டிலேயே இறக்க முடியுமா? (இருவர் கேட்டிருந்தார்கள், மட்டக்குளி, தெகிவளை)

பதில்: முடியும். அதற்கு முன், உண்மையில் காந்தம் ஏறியிருக்கிறதா என்று பாருங்கள். ஒரு சின்னத் திசைகாட்டியின் பக்கத்தில் கருவியின் நுனியைக் கொண்டு போங்கள். ஊசியின் இரண்டு முனையும் அதனிடம் வந்தால் அது வெறும் இரும்பு. ஒரு முனையை இழுத்து மறு முனையைத் தள்ளினால் அது காந்தம். இழுப்பதை நம்பாதீர்கள், தள்ளுவதுதான் சான்று.

இறக்கும் தத்துவத்தைப் பழைய பெட்டி ரி.வி. வைத்திருந்தவர்கள் காதாலேயே கேட்டிருப்பார்கள். சுவிட்ச் போட்டவுடன் "தும்ம்" என்று ஒரு சத்தம் வந்து, படம் ஒரு கணம் ஆடும். திரையைச் சுற்றியிருக்கும் கம்பிச் சுருளில் மாறுமின்னோட்டம் பலமாகப் பாய்ந்து ஓரிரு வினாடிக்குள் மெல்லத் தேய்ந்து போகிற சத்தம் அது. திரைக்குப் பின்னாலிருக்கும் இரும்புத் தகட்டில் காந்தம் ஏறினால் நிறம் கெடும், அதை இறக்கத்தான் அந்த ஏற்பாடு. நம் மின்சாரம் வினாடிக்கு 50 தரம் இப்படியும் அப்படியும் மாறுகிறது. வட்டாரங்களை வடக்கே திருப்பி, தெற்கே திருப்பி, வடக்கே, தெற்கே என்று ஆட்டி, ஒவ்வொரு தடவையும் பலத்தைக் கொஞ்சம் குறைத்துக்கொண்டே வந்தால் கடைசியில் எல்லாம் கலைந்துபோய் ஆளுக்கொரு பக்கம் நிற்கும். இதை டீகௌசிங் என்பார்கள். இரண்டாம் உலகப் போரில் ஜேர்மானியர் போட்ட காந்தக் கண்ணிவெடிகளில் ஒன்று 1939 நவம்பரில் இங்கிலாந்தின் சேற்றுக் கரையில் முழுதாகக் கிடைத்தபின், கப்பல்களைச் சுற்றிக் கேபிள் போட்டு அவற்றின் காந்தத்தை மறைக்கத் தொடங்கினார்கள், அப்போது வந்த சொல்தான் இது.

என் அப்பாவின் கைக்கடிகாரம் ஒரு காலத்தில் நாளுக்கு இருபது நிமிடம் வேகமாக ஓடியது. றேடியோவின் மேல் கழற்றி வைப்பார். புறக்கோட்டையில் ஒரு கடிகாரத் திருத்துநரிடம் கொண்டுபோனேன். அவர் மூடியைத் திறக்கவே இல்லை. உள்ளங்கை அளவு நீலப் பெட்டி ஒன்றின் மேல் கடிகாரத்தை வைத்து, பொத்தானை அழுத்திக்கொண்டே கடிகாரத்தை மெல்ல மேலே தூக்கினார், முழங்கை நீளத்துக்கு, அதன்பிறகுதான் பொத்தானை விட்டார். "மயிர்ச் சுருள் ஒன்றோடொன்று ஒட்டியிருந்தது, அதுதான் அவசரப்பட்டது" என்றார். அந்த மெதுவான கையை நான் மறக்கவே இல்லை, வித்தை முழுவதும் அதில்தான் இருக்கிறது. பக்கத்தில் வைத்தபடியே பொத்தானை விட்டால் மின்சாரம் எந்தக் கணத்தில் நின்றதோ அந்தப் பக்கமே காந்தம் தங்கிவிடும், சில நேரம் முன்பைவிட அதிகமாகவே.

அந்த நீலப் பெட்டி இன்றும் கடிகார உதிரிப்பாகக் கடைகளில் கிடைக்கும், ஸ்குரூ டிரைவருக்கும் ஊசிக்கும் அது போதும். கத்தரிக்கோல், பெரிய ட்ரில் பிட் என்றால் பழைய ரி.வி. திருத்துநர்களிடம் ஒரு வளையம் இருக்கும், கையில் பிடிக்கும் டீகௌசிங் சுருள், அதற்குள் நுழைத்து ஒரு கை நீளம் இழுத்து எடுக்கச் சொல்லுங்கள். ட்ரான்ஸ்போமர் உள்ள பழைய சோல்டரிங் துப்பாக்கி வைத்திருப்பவர்கள், விசையை அழுத்தியபடி அதன் முன் வளைவுக்குள் ஸ்குரூ டிரைவரை நுழைத்து மெல்ல வெளியே எடுத்தாலும் வேலை நடக்கும். அந்த வளைவில் ஓடுவது 100 அம்பியருக்கு மேல், சூடும் ஆகும், சுட்டுக்கொள்ளாதீர்கள்.

ஒன்றும் இல்லாவிட்டால், கருவியைக் கிழக்கு மேற்காகப் பிடித்து மரத்தின் மேல் பல தரம் தட்டினால் கொஞ்சம் குறையும். கொழும்பில் நிமிர்த்திப் பிடித்தும் தட்டலாம், பூமியின் புலம் குறுக்கே போவதால். ஆனால் அரத்தைத் தட்டாதீர்கள், கண்ணாடி மாதிரி உடைந்து தெறிக்கும்.

இரண்டு காரியம் செய்ய வேண்டாம். அடுப்பில் காய்ச்சினால் காந்தம் போகும் என்பது உண்மை, இரும்பு 770 பாகை செல்சியஸில் காந்தத்தை முற்றாக இழக்கும். ஆனால் அதற்கு எவ்வளவோ முன்னாலேயே உருக்கின் பதம் போய்விடும், பிறகு அது ஸ்குரூ டிரைவர் அல்ல, வெறும் கம்பி. அடுத்தது, 230 வோல்டில் நீங்களே கம்பி சுற்றிச் செருகிப் பார்ப்பது. அதைச் செய்து கை எரிந்தவரை எனக்குத் தெரியும். இதயத்துக்குப் பேஸ்மேக்கர் வைத்தவர்கள் இந்தச் சுருள்களுக்குப் பக்கத்திலேயே நிற்கக் கூடாது.

கேள்வி: எவர்சில்வரில் காந்தம் ஒட்டாது என்பார்களே, என் கத்தியில் ஒட்டுகிறது. போலியா? (வாசகி, தெகிவளை)

பதில்: போலி இல்லை. எவர்சில்வரில் பல ஜாதி உண்டு. கரண்டி, தட்டு எல்லாம் பெரும்பாலும் நிக்கல் சேர்ந்த வகை, அதில் காந்தம் ஒட்டாது. கத்தியின் அலகு கூர் தாங்க வேண்டும், அதற்காகக் கடினமாகும் வேறு வகையில் செய்கிறார்கள், அதில் ஒட்டும், காந்தமும் ஏறும். ஒட்டாத வகையையும் வளைத்து நெளித்தால் அந்த இடத்தில் அதன் உள்கட்டு மாறிக் கொஞ்சம் ஒட்டத் தொடங்கும். ஒரு சின்னக் காந்தத்தை நூலில் கட்டித் தொங்கவிட்டு, எவர்சில்வர் கிண்ணத்தின் நடுப்பகுதிக்கும் மடித்த விளிம்புக்கும் பக்கத்தில் கொண்டுபோய்ப் பாருங்கள். நடுவில் அசையாத காந்தம் விளிம்பின் பக்கம் இலேசாகச் சாயும்.